முப்பத்தைந்தாவது பை

மணி அடித்துப் பதினைந்து நிமிடம் ஆகியும் செல்போன்களை எடுக்க ஒருவரும் வரவில்லை.

இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் பதினேழு வயதுப் பிள்ளைகளோடு பழகாதவர்கள். பதினேழு வயதுப் பிள்ளை குடையை மறந்துவிட்டுப் போகும். சாப்பாட்டு டப்பாவை மறக்கும். கூடப்பிறந்த தம்பியையே பள்ளியில் விட்டுவிட்டுப் பாதி வழியில் ஞாபகம் வந்து திரும்பி ஓடிவரும். செல்போனை மறக்காது. ஒரு பிள்ளை மறந்தால் காய்ச்சல் என்று வைத்துக்கொள்ளலாம். முப்பத்து நான்கும் மறந்தால் அதை என்னவென்று சொல்வது?

இயற்பியல் வாத்தியார் கையில் டஸ்டரோடு நின்று கொஞ்ச நேரம் யோசித்தார். மழை வலுக்கும் என்று, ஆறு மணிவரை நடக்க வேண்டிய மாலைச் சிறப்பு வகுப்பை முன்பே விட்டுவிட்டார்கள். மணிச் சத்தம் கேட்டதும் பெஞ்சுகள் ஒரே நேரத்தில் கிறீச்சிட, பைகள் தோளேற, ஒரு நிமிடத்தில் வகுப்பு காலி. அவசரத்தில் மறந்திருப்பார்கள் என்று முதலில் நினைத்தார். பிறகு, அவசரத்தில்தானே ஆள் முதலில் போனைத் தொட்டுப் பார்ப்பான் என்று தோன்றியது. இரண்டாவது மாடியின் கோடியில் இருந்த அந்த அறைக்கு வெளியே தாழ்வாரம் முழுக்க மழைச் சத்தம். உள்ளே சுண்ணாம்புத் தூளும் ஈரச் சாக்ஸும் கலந்த வாடை. பின்சுவரில், அலமாரிக்குப் பக்கத்தில், அந்தப் பைத்துணி தொங்கிக்கொண்டிருந்தது.

அதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அவருடைய உத்தியோகமே அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

பதினெட்டு வருடம் வாத்தியாராக இருந்தவரை, போன வருடக் கடைசியில் தலைமையாசிரியை கூப்பிட்டு உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, அதற்குப் பிறகு விஷயத்துக்கு வந்தார். பிள்ளைகள் அவர் வகுப்பில் முழுநேரமும் செல்போன் பார்க்கிறார்கள், அவர் சுவரோடு பேசிவிட்டு வருகிறார் என்று புகார். இன்னொரு வருடம் பார்ப்பதாகவும், சரிவராவிட்டால் அவரை ஆய்வகச் சாமான் அறைக்கு மாற்றிவிடுவதாகவும் சொன்னார். சாமான் அறையில் குடுவைகளுக்குக் கணக்கெழுதலாம், குடுவைகள் செல்போன் பார்க்காது. கடைசி வாக்கியம் வாத்தியார் தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. தன்னைத்தானே கிண்டல் செய்துகொள்வதில் அவருக்கு நிகர் கிடையாது. மற்றவர்களுக்கு அந்தச் சிரமத்தைக் கொடுக்கக்கூடாது என்ற நல்லெண்ணம்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னார். அவள் தையல்காரி. பழைய திரைச்சீலை ஒன்றை எடுத்து, ஒரு சாண் ஆழத்துக்குப் பைகளாகத் தைத்து, ஒவ்வொன்றிலும் சிவப்பு நூலால் எண் போட்டுக் கொடுத்தாள். முப்பத்து நான்கு பேருக்கு எதற்கு முப்பத்தைந்து பை என்று அவள் கேட்டதற்கு, கடைசி அவருக்கு என்றார்.

“உங்க போன்ல அப்படி என்ன இருக்கு, பூட்டி வைக்க?”

“உன் மிஸ்டு கால்தான்.”

அப்படித்தான் அந்த முறை ஆரம்பித்தது. காலையில் பிள்ளைகள் வரிசையில் வந்து அவரவர் எண்ணுள்ள பையில் செல்போனைப் போட வேண்டும். போட்டுவிட்டு, எண்ணைச் சொல்லி, ‘வச்சாச்சு சார்’ என்று சொல்ல வேண்டும். ஒன்று, வச்சாச்சு சார். இரண்டு, வச்சாச்சு சார். முப்பத்து நான்கு முடிந்ததும் அவர் தன் செல்போனை எல்லோரும் பார்க்க உயர்த்திக் காட்டி, “முப்பத்தஞ்சு, வச்சாச்சு” என்று சொல்லி உள்ளே போடுவார். பதிலுக்கு அவரும் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார்: பிள்ளைகளுடைய செல்போனை அவர் கையால் தொடமாட்டார். எண்ணிப் பார்ப்பதுகூட வகுப்பு லீடர் பெண்தான். நம்பிக்கைதான் பூட்டு என்று அவர் முதல் நாள் சொன்னபோது, யாரோ கொட்டாவி விட்டார்கள்.

ஆனால் முறை பலித்தது. இரண்டே வாரத்தில் வகுப்பு அடங்கிவிட்டது. பெண் பார்க்க வந்த இடத்தில் உட்கார்ந்திருப்பதுபோல் குனிந்த தலை நிமிராமல் குறிப்பெடுத்தார்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய அதிசயம், அவருடைய ஜோக்குகளுக்குச் சிரித்தார்கள்.

வெற்றிடத்தில் ஒலி பரவாது என்று நடத்தும்போது பதினெட்டு வருடமாக அவர் சொல்லும் ஜோக் ஒன்று உண்டு: “நிரூபணம் வேணுமா? நான் இவ்வளவு வருஷமா கத்துறது யார் தலைக்குள்ளயாவது போயிருக்கா?” இதற்கு யாரும் சிரித்ததில்லை, அவரைத் தவிர. ஆறு மாதத்துக்கு முன்னால், கரும்பலகையில் எழுதிக்கொண்டே, முதுகைக் காட்டிக்கொண்டு அதைச் சொன்னபோது பின்னாலிருந்து சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும் சிரிப்பு. ஒரு பெண் விக்கலைப்போல் சிரிப்பாள். ஒரு பையனுக்கு எப்போதும் கொஞ்சம் தாமதமாகத்தான் புரியும், எல்லோரும் முடித்த பிறகு அவன் தனியாகச் சிரிப்பான். வாத்தியார் திரும்பினால் சத்தம் நின்றுவிடும், எல்லாத் தலைகளும் குனிந்திருக்கும். மரியாதை என்று நினைத்துக்கொண்டார். எந்தச் சிரிப்பு எந்தப் பிள்ளையுடையது என்று மனதுக்குள் பொருத்தியும் வைத்திருந்தார். அந்தத் தாமதச் சிரிப்புக்காரனை நினைத்துக்கொண்டு இரவு சோறு சாப்பிடும்போதே சிரிப்பார். மனைவி, உங்களுக்கு இப்பத்தான் கல்யாணக் களையே வந்திருக்கு என்றாள்.

நாளைக் காலையில் பத்துப் பள்ளிகளிலிருந்து தலைமையாசிரியர்கள் அவருடைய முறையைப் பார்க்க வருகிறார்கள். நன்றாக நடந்தால் அவர் வகுப்பறையிலேயே இருக்கலாம். சாமான் அறைச் சாவியைத் தலைமையாசிரியை இன்னும் மேசை இழுப்பறையில்தான் வைத்திருக்கிறார்.

அந்தச் சாவியை நினைத்துக்கொண்டேதான் அவர் பைத்துணியருகே போனார். பிள்ளைகளின் போனிலேயே எண் பார்த்து வீடுகளுக்குத் தகவல் சொல்ல வேண்டும். யாராவது வழியில் மழையில் மாட்டிக்கொண்டால் அம்மாவைக் கூப்பிடப் போன் வேண்டாமா? பதினேழாவது பைக்குள் கையை விட்டார். ஆறு மாதத்தில் முதல் முறை வாக்கு மீறுகிறோமே என்று ஒரு கணம் கை தயங்கியது.

சில்லென்று இருந்தது.

செல்போன் அப்படி இருக்காது. அது பையன் சட்டைப்பையிலிருந்து வந்தது, உடம்புச் சூடும் அதன் சொந்தச் சூடும் சேர்ந்து எப்போதும் லேசாக வெதுவெதுப்பாகவே இருக்கும். இது கிணற்றுக் கல்லைப்போல் இருந்தது. வெளியே எடுத்தார். கண்ணாடி குறுக்காக விரிசல் விட்டிருந்தது. சார்ஜ் ஏற்றும் துளைக்குள் காய்ந்த சேறு. பொத்தானை அழுத்திப் பார்த்தார், எந்த அசைவும் இல்லை. பின்மூடியை நகத்தால் நெம்பினால், பேட்டரி இருக்க வேண்டிய இடம் காலி.

பதினெட்டாவது பை. அதுவும் அப்படியே. பத்தொன்பது, இருபது. ஒன்றில் திரையே இல்லை, ஒன்றில் மூடியைத் திறந்ததும் மணல் கொட்டியது. எல்லாவற்றிலிருந்தும் ஒரே வாடை வந்தது. நீர் வற்றிய ஏரியின் அடிச்சேற்று வாடை.

முப்பத்து நான்கையும் பார்த்து முடித்தபோது அவருக்குக் கால் வலித்தது. கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தார். ஆறு மாதம் அவர் காவல் காத்தது செத்துப்போன போன்களை. ஒவ்வொரு காலையும் முகம் மலர்ந்து, கடவுள் சாட்சிபோல் நின்று, ‘வச்சாச்சு சார்’ என்று ஒவ்வொருவராகச் சொல்லியிருக்கிறார்கள். நிஜப் போன் மேசைக்கடியில், மடியில். அந்தக் குனிந்த தலைகள். முப்பத்து நான்கு பேரும் வரிசையில் நின்று அவர் காதில் பூச்சுற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள், அவரும் பூ நன்றாக இருக்கிறது என்று தலையாட்டியிருக்கிறார்.

சிரிப்பு வரவில்லை. வழக்கமாக வரும்.

தாழ்வாரத்தில் ஓடிவரும் காலடி கேட்டது. லீடர் பெண் வாசலில் வந்து நின்றாள், நனைந்த தலையோடு, மூச்சு வாங்க. அவர் மடியிலிருந்த செல்போன்களைப் பார்த்தாள். உள்ளே வரவில்லை.

பெற்ற மகள் இல்லாத வீட்டில் சிலர் அடுத்த வீட்டுப் பெண்ணைக் கொஞ்சுவார்கள். அவர் இவளிடம்தான் எண்ணும் வேலையைக் கொடுத்திருந்தார். போன மாதம் இவளுக்குப் பிறந்தநாள் என்று பேனா வாங்கிக் கொடுத்தார்.

“எடுத்துட்டுப் போகத்தான் வந்தேன் சார்,” என்றாள். “எல்லாரும் அனுப்பினாங்க.”

“நீயுமாம்மா?”

அவள் தரையைப் பார்த்தாள். “நான்தான் சார் எல்லாருக்கும் வாங்கிக் கொடுத்தேன்.”

அவர் ஒன்றும் கேட்காமலே மிச்சத்தையும் அவளே சொன்னாள். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் பழைய செல்போன் வாங்கி விற்கும் கடை. டம்மியாக எத்தனை கிடைக்கும் என்று கேட்டதும் கடைக்காரர் ஒரு சாக்கை இழுத்துப் போட்டாராம். மூன்று வருடத்துக்கு முன்னால் சுற்றுலாப் போன பள்ளிப் பேருந்து ஒன்று ஏரியில் கவிழ்ந்ததே, அதிலிருந்து எடுத்தவையாம். யாரும் கேட்டு வரவில்லையாம். எண்ணிப் பார்த்தால் சாக்கில் சரியாக முப்பத்து நான்குதான் இருந்தன. இவர்கள் கேட்டதும் அத்தனைதான். அதிர்ஷ்டம் என்று நினைத்தார்களாம்.

“அந்தப் பஸ்ல போன சாரோடதும் ஒண்ணு இருந்திருக்கணும், அது மட்டும் கிடைக்கலைன்னு கடைக்காரர் சொன்னார் சார். அவர்தான் நீந்திக் கரையேறிட்டாரே.”

வாத்தியாருக்கு அந்தச் செய்தி நினைவிருந்தது. பிள்ளைகள் முப்பத்து நான்கு பேரும் மூழ்கிப்போனார்கள். கூடப்போன வாத்தியார் கம்பளி போர்த்திக்கொண்டு கரையில் உட்கார்ந்திருந்த படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. மிதப்பு விசை நடத்தும்போது, இரண்டு மாதத்துக்கு முன், அவர் அதை வகுப்பிலேயே சொன்னார். சொல்லிவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, தான் அந்த ஆள் மாதிரி இல்லை என்றும், மணி அடித்தாலும் தன் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகமாட்டேன் என்றும் ஒரு போடு போட்டார். ஜோக்காகத்தான். அன்றைக்குப் பின்னாலிருந்து சிரிப்பு வரவில்லை. யாரோ மூக்கை உறிஞ்சியதுபோல் ஒரு சத்தம் மட்டும் வந்தது. மனசில் பட்டுவிட்டது என்று அவர் சந்தோஷப்பட்டார்.

“சரி,” என்றார். எவ்வளவு அடிபட்டாலும் மனிதனுக்கு ஒரு சின்ன ஆசை மிச்சமிருக்கும், அதையும் கேட்டுத் தொலைத்துவிடுவான். “போனைத்தான் ஏமாத்தினீங்க. பரவாயில்ல. என் ஜோக்குக்குச் சிரிச்சீங்களே, அது நிஜம்தானே?”

அவள் நிமிர்ந்தாள். முகத்தில் முதல் முறையாகக் குற்ற உணர்ச்சி போய், குழப்பம் வந்தது.

“யாரு சார் சிரிச்சா?”

“நான் போர்டுல எழுதும்போது. பின்னாடி.”

“இல்ல சார்.” அவள் குரல் தணிந்தது. “எல்லாரும் காதுல இயர்போன் மாட்டியிருப்போம் சார். உங்க வகுப்புல யாரும் சிரிச்சதே இல்ல.”

கீழே ஆட்டோ ஹாரன் அடித்தது. அவளுடைய அப்பா. செல்போன்களை எடுத்துக்கொண்டு போ என்று அவர் சைகை காட்டினார். அவள் ஓரடி உள்ளே வைத்தாள். முகத்தைச் சுளித்தாள். பின்சுவரைப் பார்த்தாள், அவருக்குப் பின்னால், கொஞ்சம் மேலே. பிறகு, நாளைக்கு எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டு, சொல்லி முடிக்கும் முன்பே ஓடினாள். படிகளில் அவள் செருப்புச் சத்தம் இரண்டு மாடி இறங்கி, மழைக்குள் போய்க் கரைந்தது.

வாத்தியார் அந்தச் செல்போன்களை ஒவ்வொன்றாகத் திரும்பப் பைகளில் போட்டார். ஏன் போட்டார் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. எண் பார்த்துத்தான் போட்டார், பதினேழைப் பதினேழில், பதினெட்டைப் பதினெட்டில். ஒரு சாமானை எடுத்த இடத்தில் வைக்கும் பழக்கம். பிறகு குடையும் கைப்பையும் எடுத்துக்கொண்டு விளக்கை அணைத்தார். நாளைக்குத் தலைமையாசிரியையிடம் தானே போய்ச் சாவியைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். மணி ஆறுகூட ஆகவில்லை, ஆனாலும் மழை இருட்டில் தாழ்வாரம் நீளமாக, கோடி தெரியாமல் கிடந்தது. மற்ற வகுப்புகளெல்லாம் பூட்டியிருந்தன. காவல்காரர் கீழே கேட்டருகே எங்கோ ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார், மழை அந்தச் சத்தத்தை விட்டு விட்டுத்தான் மேலே அனுப்பியது.

படிக்கட்டுவரை வந்துவிட்டார். அப்போதுதான் பின்னால், வகுப்பறைக்குள், செல்போன் மணி அடித்தது.

அவருடையதுதான். அந்த மணி மனைவிக்கென்று வைத்தது. ஆறு மணிக்கு அவள் தையல் கடையைப் பூட்டிவிட்டு ஸ்கூட்டரில் வந்து கேட்டில் நிற்பாள், நின்றதும் கூப்பிடுவாள். மற்றவர்களுடையதையெல்லாம் எண்ணிப் போட்டவர் தன்னுடையதை முப்பத்தைந்தாவது பையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார். மறக்கவே மறக்காத சாமான் என்று கொஞ்ச நேரத்துக்கு முன்னால் பிள்ளைகளைப் பற்றி நினைத்தாரே, அதே சாமான்.

திரும்பி நடந்தார். கதவைத் தள்ளினார். சுவரில் தடவி விளக்குப் போட்டார். எரியவில்லை.

ஜன்னல் வெளிச்சத்தில் பெஞ்சுகளுக்கு நடுவே பின்சுவரை நோக்கிப் போகும்போது காலடியில் சளக்கென்றது. தரையில் தண்ணீர். கூரை ஒழுகுகிறதோ என்று அண்ணாந்து பார்த்தார், மேலே வெள்ளையடித்த காரை காய்ந்து கிடந்தது. ஒவ்வொரு பெஞ்சுக்கும் அடியில் தனித்தனியாக, ஆளுக்கு ஒன்றாக, தண்ணீர் தேங்கியிருந்தது. பெஞ்சுக்கு இரண்டு. சில பெஞ்சுகளில் மூன்று. காலையில் வகுப்பு உட்கார்ந்திருந்த அதே கணக்கு.

மழையில் வந்த பிள்ளைகள்தானே, செருப்பு ஈரம் என்று தனக்குச் சொல்லிக்கொண்டார். பிள்ளைகள் காலையில் வந்தபோது மழை இல்லை என்பதைச் சொல்லிக்கொள்ளவில்லை.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. முப்பத்தைந்தாவது பையில் வெளிச்சம் துணிக்கு வெளியே சிவப்பாகத் தெரிந்தது, அதில் மனைவி தைத்த எண் நரம்புபோல். உள்ளே கையை விட்டார். விரல் போனது. மணிக்கட்டு போனது. ஒரு சாண் ஆழப் பை. முழங்கை போனது.

தண்ணீர்.

கையை வெடுக்கென்று இழுத்தார். சட்டைக் கை முழங்கைவரை நனைந்து, பாசி ஒட்டி, சொட்டிக்கொண்டிருந்தது. மணி நின்றது. நிற்கும் முன் அந்தச் சத்தம் மாறியது. யாரோ அதை எடுத்துக்கொண்டு கீழே, இன்னும் கீழே, இறங்கிப் போவதுபோல்.

போய்விட வேண்டும். ஸ்கூட்டர் கேட்டில் நிற்கிறது. போன் போனால் போகட்டும்.

கதவு முன்பக்கம், கரும்பலகைக்குப் பக்கத்தில். பெஞ்சுகளைத் தாண்ட வேண்டும். தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தார். நான்காவது பெஞ்சைத் தாண்டும்போது அது கிறீச்சிட்டது, ஆள் உட்காரும்போது கிறீச்சிடும் விதமாக. மூன்றாவது. அதன் பிறகு இரண்டு பக்கமும் சேர்ந்தாற்போல். ஈரத்துணி மரத்தில் படியும் சத்தம். யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். அந்தச் சத்தம் அவருக்குத் தெரியும்.

நிமிராதே.

மேடையேறினார். தாழ்ப்பாளில் கை வைத்தார். அவர் போடாத தாழ்ப்பாள். துருப்பிடித்து, மண் அடைத்து, பல வருடம் தண்ணீரில் கிடந்ததுபோல் கையோடு உதிர்ந்தது. ஆனால் அசையவில்லை.

வாயில் ஏதாவது வர வேண்டுமே, வந்தது. பதினெட்டு வருடப் பழக்கம், பயத்திலும் அதுதான் வரும். கதவைப் பார்த்துக்கொண்டே, “வெற்றிடத்துல ஒலி பரவாது,” என்றார். “நிரூபணம் வேணுமா?”

பின்னால் சிரித்தார்கள். வாயைப் பொத்திக்கொண்டு. விக்கல்போல் ஒரு பெண். எல்லோரும் முடித்த பிறகு, தனியாக, ஒரு பையன்.

அடக் கடவுளே. இவர்களா?

ஒரு கணம், ஒரே ஒரு கணம், அந்தப் பயத்துக்கு அடியில் அவருக்கு நெஞ்சு நிறைந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லமாட்டார்.

“சார்.” பெண் குரல். நீர்க்குமிழிகளுக்கு நடுவிலிருந்து வருவதுபோல். “ஒரு சந்தேகம் சார்.”

ஆறு மாதத்தில் யாரும் அவரிடம் சந்தேகம் கேட்டதில்லை.

“கேளும்மா,” என்றார். கதவைப் பார்த்துக்கொண்டே.

“தண்ணிக்குள்ள இருந்து கத்தினா, கரையில நிக்கிறவங்களுக்குக் கேக்குமா சார்?”

அவருக்கு விடை தெரியும். நீருக்குள் ஒலி வேகமாகப் போகும், ஆனால் மேற்பரப்பில் முட்டி ஏறக்குறைய முழுவதும் திரும்பிவிடும். ஆயிரத்தில் ஒரு பங்குதான் வெளியே வரும். பாடப்புத்தகத்தில் அதற்கு ஒரு படம்கூட உண்டு. அதைச் சொல்லலாம். சொன்னால் அந்தக் கம்பளி போர்த்திய ஆள்மேல் இவர்களுக்கு உள்ள கோபம் கொஞ்சம் ஆறலாம். பாவம், பிள்ளைகள்.

“கேக்காதும்மா,” என்றார். “அவருக்குக் கேட்டிருக்காது.”

தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும். முப்பத்து நான்கு இடங்களில்.

“அவரு திரும்பிப் பார்த்தாரு சார்,” என்றாள் அவள்.

அந்தத் தாமதப் பையன் சொன்னான், எல்லோரும் முடித்த பிறகு, தனியாக: “நீங்க போகமாட்டேன்னு சொன்னீங்கள்ல சார்.”

கீழே ஹாரன். இரண்டு தடவை. மனைவியின் ஸ்கூட்டர் ஹாரன், அவருக்குத் தெரியும். மூன்றாவது தடவை நீளமாக. பிறகு இல்லை. அவள் கேட்டருகே நின்று இருட்டான ஜன்னல்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கத்தினால் கேட்கும். காற்றுதானே நடுவில். வெறும் காற்று.

அவர் திரும்பிப் பார்த்தார்.

பின்சுவரில் முப்பத்து நான்கு பைகளிலும் வெளிச்சம். பேட்டரி இல்லாத வெளிச்சம், பழுப்பு நிறத்தில், ஏரித் தண்ணீருக்குள் வெயில் இறங்கும் நிறத்தில். அதன் எதிரே பெஞ்சுகளில் தலைகள். குனியாத தலைகள். எல்லாம் நிமிர்ந்து, கவனமாக, அவரையே பார்த்துக்கொண்டு. ஒரு வாத்தியார் வாழ்நாள் முழுக்க ஆசைப்படும் வகுப்பு.

முதல் பெஞ்சிலிருந்து ஆரம்பித்தது.

“ஒண்ணு. வச்சாச்சு சார்.”

“ரெண்டு. வச்சாச்சு சார்.”

ஒவ்வொரு குரலுக்கும் தண்ணீர் ஒரு விரல் ஏறியது. மூன்று. நான்கு. செருப்பு. கணுக்கால். டஸ்டர் மேடையில் மிதந்து வந்தது. பதினேழு. பதினெட்டு. முழங்கால். வருகைப் பதிவேடு விரிந்தபடி மிதந்தது. மை கரைந்தது. முப்பது. முப்பத்தொன்று. இடுப்பு. அவர் இரண்டு கையாலும் கதவை அடித்தார். மரம் சத்தம் போடவில்லை.

“முப்பத்தி நாலு. வச்சாச்சு சார்.”

நிறுத்தினார்கள். காத்திருந்தார்கள். ஆறு மாதமாக ஒவ்வொரு காலையும் அடுத்து யார் சொல்வார்கள் என்று அவர்களுக்குத் தெரியும்.

மனைவியின் பெயரைச் சொல்லிக் கத்த வேண்டும் என்று நினைத்தார். நினைக்கும்போதே, பின்சுவரில், கடைசிப் பையில், சிவப்பு நூல் மெல்ல ஒளிர்ந்தது. அங்கிருந்து அவருடைய குரல் வந்தது. தெளிவாக, உற்சாகமாக, நல்ல வகுப்புக் கிடைத்த வாத்தியாரின் குரலாக.

“முப்பத்தஞ்சு. வச்சாச்சு.”

அவர் வாயைத் திறக்கவே இல்லை. திறந்தபோது தண்ணீர்தான் வந்தது.